முதல் வெள்ளத்து இறால்

பெரியவனே,

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பல்வலி இல்லை. முதலில் அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். உன்னை வழியனுப்பத் தெருவே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தபோது நான் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டிருந்தேன் அல்லவா, நீங்களெல்லாம் தெருமுனை தாண்டியதும் எழுந்துவிட்டேன். தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த டெர்லின் சட்டையை மாட்டிக்கொண்டு, வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஒரு குடையைத் தூக்கிக்கொண்டு, சவுக்குத் தோப்பு வழியாகக் குறுக்கே ஓடி அடுத்த ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் அங்கே நிற்காமல் போகும், ஜன்னலில் உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கண்டக்டர் விசில் ஊதி நிறுத்திவிட்டார்.

"ஏறுய்யா, சீக்கிரம்!"

"நான் ஏறலைங்க. சும்மா நின்னுகினு இருக்கேன்."

"சும்மா நிக்கறவனுக்கு ஸ்டாப்பு இன்னாத்துக்கு? அந்த மரத்தாண்ட போய் நில்லு!"

பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். என்னைப் பார்த்து அல்ல, நான்தான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேனே. குடையில் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் உன்னைப் பார்த்தேன். உன் பக்கத்தில் உன் மாமன் ஏழுமலை, உன் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நீ அதற்குத்தான் சிரித்தாய். பஸ் போன பிறகும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். என் முதுகில் கடைக்காரன் குண்டூசியால் குத்திய விலைச் சீட்டு அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது.

"இன்னாய்யா, பல்வலிக்கி டெர்லின் சட்டையா? நீ வலிக்குதுன்னு புடிச்சிகினு இருந்த பக்கம் பல்லே இல்லியே. அத்த புடுங்கிப் பத்து வருசம் ஆச்சி!"

பல்வலி எனக்கு ஆபத்துக்கு உதவுகிற வலி. அதை நான் வாழ்க்கையில் இரண்டு முறை பெரிதாக உபயோகப்படுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது. முதல் முறையைப் பற்றிச் சொல்லத்தான் இந்த நாற்பது பக்க நோட்டு. எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, எழுத்து வலை காயப்போட்டது போல வளைந்து வளைந்துதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் படுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. முந்தின சாயங்காலம் நீ சாப்பிட்டுக்கொண்டே உன் கம்பெனியைப் பற்றிச் சொன்னாய். வேலை நிரந்தரமாகிவிட்டது, கும்மிடிப்பூண்டியிலேயே ரூம் பார்த்தாகிவிட்டது, இனிமேல் பின்பக்கத்து யார்டு உன் பொறுப்பு என்றாய். எனக்குச் சோறு இறங்காத அளவுக்குப் பெருமை. அப்புறம் சொன்னாய்: "யார்டு பூரா டிரம்மு நைனா. கழிவு எண்ணெ, பெயிண்டு கழுவுன தண்ணி, மூட்டை மூட்டையா ஏதோ மஞ்சப் பவுடரு. பாதி டிரம்முக்கு மூடி இல்ல. அள்றதுக்கு லாரி சொல்லணுமான்னு கேட்டேன். மழ வந்தா தானா போயிடும், உனக்கு இன்னாத்துக்குப் பேஜாருன்றாரு சூப்பர்வைசர்." தட்டில் கையை வைத்துக்கொண்டு, உன்னிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "நாளைக்கி பஸ்ஸுல மாமாவக் கேக்குறேன். அவருக்குத் தெரியும்."

அந்த நிமிஷம்தான் எனக்குப் பல் வலிக்க ஆரம்பித்தது.

உன் மாமன் மேல் எனக்குப் பொறாமை. இதை எழுதுவதற்குள் பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன். இன்று நேற்று வந்ததல்ல, உனக்கு இருபத்தொன்று ஆகிறது, அதற்கும் இருபத்தொன்று. நீ பிறந்து பதினோராம் நாள் என் கையில் வீறிட்டு அழுதாய். ஏழுமலை வாங்கினான், அடங்கிவிட்டாய். சரி, குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டேன். உனக்கு வாய் வருகிற வயதில் தினமும் படகடியில் உட்கார வைத்து "நைனா சொல்லு, நைனா சொல்லு" என்று பாடம் நடத்தினேன். ஒரு மாதம் கழித்து வாயைத் திறந்து "மாமா" என்றாய். காது குத்துகிறபோது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டுமாம். பெற்றவன் ஓரமாக நின்று வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தினவன் நிச்சயம் யாருக்கோ மச்சானாகத்தான் இருந்திருப்பான். அவன் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுவான். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் கோழி மேல்தான் ஏற்றுவேன். உன் அம்மாவிடம் சொன்னால், "எந்தம்பி கூடப் போட்டி போடற வயசாய்யா உனக்கு?" என்பாள். அவள் குரலில் இருக்கிற அந்த 'எந்தம்பி' கூட எனக்குப் பிடிக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பொன்னேரியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்த வருஷம். அப்போது நம் ஏரியில் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுகிற வாய்ப் பக்கம் நல்ல இடங்கள் நான்கோ ஐந்தோதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது என்பதால் ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருடையது என்று எழுதிவிடுவார்கள். பாடு என்று நாம் சொல்வது அதைத்தான். உனக்குத் தெரிந்ததுதான், இந்த நோட்டு நாளைக்கு உன் பிள்ளைகள் கைக்குப் போனாலும் போகும் என்பதால் எழுதுகிறேன். ஒருவன் முறையை இன்னொருவன் எடுப்பதென்றால் ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிக்கொண்டால் அந்தப் பருவம் முழுக்க முறை கிடையாது. சீட்டில் எல்லா நாளும் நாள்தான் என்றாலும், ஐப்பசியில் முதல் பெருமழை அடித்து ஆற்றுத் தண்ணீர் ஏரியில் ஏறுகிற நாளுக்கு ஈடு கிடையாது. புதுத் தண்ணீர் பட்டதும் இறால், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தைப் பார்த்து இறங்கும். அன்றைக்கு யார் முறையோ அவன் ராஜா.

மூன்று வருஷமாக அந்த ராஜா ஏழுமலைதான். மழைக்கு அவன் வீட்டு விலாசம் தெரியும் போலிருக்கிறது. நான்காவது வருஷம் எனக்குப் புதன்கிழமை, அவனுக்கு வியாழக்கிழமை, அதே இடம். செவ்வாய்க்கிழமை டிரான்சிஸ்டரில் புயல் செய்தி சொன்னார்கள். புதன் ராத்திரி கரையைக் கடக்குமாம். அப்படியானால் புதுத் தண்ணீர் ஏறுவது வியாழக்கிழமை, மறுபடி அவன் நாள். எனக்கு வந்த எரிச்சலில் அந்த டிரான்சிஸ்டரையே ஏரியில் போட்டிருப்பேன், அதுவும் அவனுடையது.

அவன் படகடிக்குப் போனேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழுமல, பல்லு உயிர் போவுதுடா. புதன்கெழம பொன்னேரிக்கிப் போய்ப் புடுங்கிகினு வந்துடறேன். என் புதன நீ எடுத்துகினு உன் வியாழக்கெழமைய எனக்குக் குடேன். பெரியவராண்ட சொல்லிகினு இருக்க வாணாம், நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவன் வலையிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தான். "எந்தப் பல்லு மாமா?"

"இந்தப் பல்லுதான்."

"அந்தப் பக்கம் பல்லு இருக்குதா இன்னா?" என்று சிரித்தான். பிறகு, "எடுத்துக்க மாமா. வியாழக்கெழம உன்னிது" என்றான். நான் இரண்டு எட்டு வைத்ததும் கூப்பிட்டான். "மாமா, ஒண்ணு சொல்றேன். மொத தண்ணி ஏறுனா வலைய கட்டாத. உட்ரு. ரெண்டாந் தண்ணியில பாத்துக்கலாம். போன வாரம் கயிறு வாங்க புதுவாயல் போயிருந்தேன். ரோடு ஓரம் பூரா லாரி ஷெட்டு. எண்ணெய எல்லாம் தரையிலயே ஊத்துறானுங்க. டிரம்மு கழுவுற கொட்டாயி, பட்டறைக் குப்பை, மார்க்கெட்டுக் கழிவு, எல்லாம் ஓடையாண்டயே குமிஞ்சி கெடக்குது. மாசி மாசத்துலேர்ந்து எவனும் அள்ளல. மொத மழையில அத்தினியும் ஒரே மூச்சுல நம்ம ஊட்டுக்குத்தான் வரும்."

இதைக் கேட்டதும் உன் நைனா என்ன நினைத்தான் தெரியுமா? கொடுத்துவிட்டு மனசு வரவில்லை இவனுக்கு, நான் இறாலை விட்டுவிட வேண்டும் என்று கதை கட்டுகிறான், பொறாமை பிடித்தவன் என்று நினைத்தேன். வேறு யாரிடமும் பார்க்காத குணத்தை அவனிடம் அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்தேன், ஏனென்றால் அது என்னிடம் அளவு எடுத்துத் தைத்தது போல இருந்தது.

வியாழக்கிழமை விடிகிறபோது காற்று நின்று மழை தூறிக்கொண்டிருந்தது. கூலிக்கு இரண்டு ஆளை வைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. நிறம் கருப்பட்டிக் காப்பி. மேலே மயில் கழுத்து மாதிரி பச்சையும் ஊதாவுமாக மினுமினுத்தது. அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன், அது எண்ணெய் என்று தோன்றவில்லை. வலை கட்டியிருந்த கழிகளில் நண்டுகள் வரிசையாக ஏறி, தண்ணீருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கழியில் ஏழு எட்டு. இத்தனை வருஷத்தில் நண்டு தண்ணீரை விட்டு ஓடி நான் பார்த்ததில்லை. கூலிக்கு வந்தவர்களில் ஒருவன், "இன்னா அண்ணே, நண்டுக்கே மூச்சு முட்டுதா?" என்றான். "குளிருக்கு ஏறியிருக்கும், வேலையப் பாரு" என்றேன். இறால் மேலேயே மிதந்தது, மயக்கம் வந்த மாதிரி. வலை கூட வேண்டாம், கூடையால் அள்ளினோம். எனக்கு என்ன தோன்றியது என்கிறாய்? இந்த வருஷம் இறாலே என்னைத் தேடி வந்துவிட்டது, ஏழுமலைக்குக் கூட இப்படி வந்ததில்லை என்று. படகில் நின்றுகொண்டு அவன் வீட்டுத் திசையைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே இறால் கம்பெனி ஏஜெண்டின் ஐஸ் பெட்டிக்கு என் கூடைகள் போயின. அதே பெட்டியில், மழைக்கு முன்பே பிடித்து வைத்திருந்த ஊர்க்காரர்களின் இறாலும் இருந்தது. மூன்றாம் நாள் ஏஜெண்ட் வந்து கரையில் இறங்கியபோதே முகம் சரியில்லை. வேகவைத்துப் பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதாம். பட்டணத்தில் லோடு முழுக்கக் குப்பையில் கொட்டிவிட்டார்களாம். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போயிற்று. ஊர் கூடிவிட்டது. பெண்கள் கத்துகிறார்கள். உன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்று, யாரென்று தெரியாமலே, "எவன்யா கட்டையில போறவன்?" என்று திட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் சீட்டு எழுதிய நோட்டைப் பிரித்தார்.

"வியாழக்கெழம வாய்ப் பக்கம் யாரு மொற?"

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். திறந்தேன் என்றே வைத்துக்கொள், சத்தம் வரவில்லை. அதற்குள் ஏழுமலை முன்னால் வந்துவிட்டான். "என் மொறதாங்க. எனக்கு முதுகு புடிச்சிகிச்சி. மாமாவத்தான் எனக்காகப் போவச் சொன்னேன். தண்ணி கெட்டுதுன்னு பாக்காம உட்டது என் தப்பு."

சொல்லாமல் கொடுத்ததற்கு அந்தப் பருவம் முழுக்க ஏழுமலையின் முறையைப் பெரியவர் அடித்துவிட்டார்; வேறு இடத்தில் அவன் எதைப் பிடித்தாலும் வாங்க மாட்டேன் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நின்ற விதத்தில் ஒரு கௌரவம் இருந்தது, பெரியவனே. திட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூட "சரி வுடு, நல்ல புள்ள, ஒத்துக்குச்சே" என்று அடங்கிவிட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டாய், அந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. திட்டு வாங்குவதில் கூட இவன் என்னை முந்திக்கொண்டானே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. என் அவமானம், அதையும் அவன் எடுத்துக் கட்டிக்கொண்டு என்னைவிட அழகாக நிற்கிறான். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்பாய். இருக்கிறான், உன் ரேஷன் கார்டில் முதல் பெயர் அவனுடையதுதான்.

அடுத்த வாரம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுவாயலுக்குப் போனேன். உண்மையைக் கண்டுபிடிக்கப் போனேன் என்று எழுத ஆசைதான். அவன் சொன்னது பொய் என்று காட்டப் போனேன். ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் ரோட்டுக்கு அடியில் மதகு வருகிறது. மேலே ஏறிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ரோடு கழுவிவிட்ட வாசல் மாதிரி இருக்கிறது. லாரி ஷெட் தரை பளபளக்கிறது. ஓடைக் கரையில் குவியல் இருந்த இடத்தில் வெறும் தடம். எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, ஏழுமலை புளுகன்! மதகுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "போன வாரம் வந்திருக்கணும் நீங்க. மூக்கப் பொத்திகினுதான் டீ குடிச்சிருப்பீங்க. ஒரே மழ, அத்தினியும் அடிச்சிகினு போயிடிச்சி. ஊரே சுத்தமாயிடிச்சி. சாமி மழங்க அது!" என்றார்.

எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஜில்லாவிலேயே பதில் தெரிந்த ஆள் அவர் பெஞ்சியில்தான் உட்கார்ந்திருந்தான். டீ ஆறிப் போயிற்று. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மழை கெட்டதல்ல, தண்ணீரும் கெட்டதல்ல. எட்டு மாதம் வெயிலில் காய்ந்து, யார் கண்ணிலும் படாமல் தரையோடு தரையாகக் கிடக்கிற எண்ணெயையும் பவுடரையும் முதல் மழை ஒரே நாளில் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் வருகிறது. பின்னால் வருகிற தண்ணீர் தெளிந்துவிடுகிறது. ஆனால் இறால் இறங்குவது அந்த முதல் தண்ணீரில்தான். ஊர் சுத்தமாகிற அதே காலைப்பொழுதில் ஏரி அழுக்காகிறது. டீக்கடைக்காரருக்கு அது சாமி மழை, நமக்கு அது வேறு.

ஏஜெண்ட் வாங்காததால் ஏழுமலை கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை மிதித்து விற்க ஆரம்பித்தான். முப்பது மைல் போக வர. அப்படி நண்டு கொடுத்துப் பழக்கமான ஒரு வீட்டில்தான் உன் கம்பெனி ஆபீசரைப் பிடித்து உனக்கு வேலை கேட்டான். வேலை கிடைத்த அன்று நீ முதலில் அவன் காலில் விழுந்தாய், அப்புறம் என் காலில். நான் இரண்டாவதாக ஆசீர்வாதம் பண்ணினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று உன் அம்மா ஒரு வாரம் திட்டினாள். ஆனால் அந்த வேலைக்கு நான்தான் காரணம் என்று உனக்குத் தெரியுமா? நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். என்ன செய்வது, இதில் பெருமைப்படவும் வழியில்லை.

உன் யார்டு விஷயத்தை அவன் பஸ்ஸிலேயே உனக்குச் சொல்லியிருப்பான். மழைக்கு முன்னால் டிரம்மை எல்லாம் மூடி ஷெட்டுக்குள் உருட்டு, பவுடர் மூட்டையைக் கூரைக்கு அடியில் ஏற்று, தரையைக் கூட்டி அள்ளு, தண்ணீர் விட்டுக் கழுவாதே, லாரிக்குச் சொல், சூப்பர்வைசர் கேட்காவிட்டால் ஆபீசரிடம் போ என்று. என்னைவிடத் தெளிவாகவே சொல்லியிருப்பான். நானும் அதையேதான் சொல்கிறேன், இரண்டாவதாக, வழக்கம் போல. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீ வாயைத் திறந்தால் உனக்குப் பேஜார்தான், அது எனக்கும் தெரியும். புது ஆளுக்கு ஏன் இந்த வேலை என்பார்கள். வேலை போனாலும் போகலாம். போனால் வந்துவிடு, படகில் இடம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒருவன் வாயைத் திறக்கிற நேரத்தில் திறக்காமல் இருந்துவிட்டால் அப்புறம் அது எத்தனை வருஷம் உள்ளேயே நின்றுகொண்டிருக்கும் என்று உன் மாமனால் உனக்குச் சொல்ல முடியாது. அவனுக்கு அந்த அனுபவம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவன் எனக்குப் பின்னால்தான்.

இன்னொன்றும் அவன் சொல்லியிருக்க மாட்டான். பல்வலியை, மாற்றிக்கொண்ட முறையை, கரையில் தலை குனிந்ததை. செத்தாலும் சொல்ல மாட்டான், அவனை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வருஷச் சீட்டில் ஐப்பசி முதல் வாரம் வாய்ப் பக்கம் மறுபடி அவனுக்குத்தான் விழுந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தண்ணீரும் இந்த வாய் வழியாகத்தான் ஏரிக்கு வருகிறது, உன் யார்டிலிருந்து என்ன கிளம்பினாலும் முதலில் அவன் வலைக்குத்தான் போகும்.

நேற்று அவன் உன்னை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். படகடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "புள்ள சந்தோசமா போச்சி மாமா," என்றான். அப்புறம், "சவுக்குத் தோப்பாண்ட எவனோ ஒருத்தன் கொடயோட நின்னுகினு இருந்தான். பாவம், மொகத்தக் கூடக் காட்டல. சட்ட மட்டும் புச்சு" என்று சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னிடம் அவன் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அதையும் எனக்காக மறைத்துவிட்டான்.

எனக்கு அப்போது தொண்டை வரை வந்தது. அன்றைக்குக் கரையில் வராத அதே வார்த்தைதான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை, காற்று கூட இல்லை, அவன் காது ஒரு சாண் தூரம்தான். "பல்லு எப்படி இருக்குது மாமா?" என்று கேட்டான். "பரவால்லடா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து இந்த நோட்டை எடுத்தேன். நீ அடுத்த தடவை வரும்போது இதை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டு. அவனுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அது என் முறை, ஏழுமலை. பொய் சொல்லி உன்னிடமிருந்து வாங்கியது நான்.